சீட் பெல்ட்: மோதும் நொடியில் அது செய்வதும், அதற்கு முன் நாம் செய்ய வேண்டியதும்

50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீட்டர் நகர்கிறது. அந்த வேகத்தில் கான்கிரீட் சுவரில் நேராக மோதினால், முன்பக்கம் அரை மீட்டருக்குச் சற்று அதிகமாக நசுங்கும். பத்தில் ஒரு விநாடியில் கார் நின்றுவிடும். உள்ளே இருப்பவரின் உடல் மட்டும் நிற்காது. அது அதே 50 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் போய்க்கொண்டிருக்கும். மூன்றாவது மாடியிலிருந்து விழுபவர் தரையைத் தொடும்போது இருக்கும் வேகம் இது.

இந்த உடலை எவ்வளவு தூரத்துக்குள் நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் உயிரும் எலும்பும். 70 கிலோ எடையுள்ள ஒருவரை 60 செ.மீ. தூரத்தில் நிறுத்தினால் அவர்மேல் சராசரியாக விழும் விசை 1,150 கிலோ எடைக்குச் சமம். பெல்ட் போடாமல் போய் டேஷ்போர்டில் மோதி 10 செ.மீ.யில் நின்றால் அதே விசை 7 டன்னை நெருங்கும். "கையை ஊன்றிச் சமாளித்துக்கொள்ளலாம்" என்று நினைப்பவர்கள் அந்த 1,150 கிலோவைக் கையால் தாங்க முடியுமா என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

கார் நசுங்கும் அந்த அரை மீட்டரில் உங்களுக்கு ஒரு பங்கு வாங்கித் தருவதுதான் பெல்ட்டின் வேலை. கார் வேகம் குறையத் தொடங்கும்போதே உடலும் அதோடு சேர்ந்து குறையத் தொடங்க வேண்டும். பெல்ட் தொய்வாக இருந்தால் உங்கள் பங்கு அந்த அளவுக்குக் குறைகிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது ஒரு மில்லி விநாடிக்கு 1.4 செ.மீ. ஆகவே உடலுக்கும் பட்டைக்கும் நடுவே இருக்கும் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் கணக்கு உண்டு. கீழே சொல்லப்படும் எல்லா வழிமுறைகளுக்கும் அடிப்படை இந்த ஒரு கணக்குதான்.

முதல் 100 மில்லி விநாடி

இன்று நாம் போடும் மூன்று முனை பெல்ட்டை 1959-ல் வால்வோ நிறுவனத்தில் நில்ஸ் போலின் என்ற பொறியாளர் உருவாக்கினார். தோளின் குறுக்கே ஒரு பட்டை, இடுப்பின் குறுக்கே ஒரு பட்டை, இரண்டும் ஒரே நீண்ட நாடாவின் பகுதிகள். உடம்பில் அதிக விசையைத் தாங்கக்கூடிய இடங்கள் இடுப்பெலும்பு, மார்புக்கூடு, காறை எலும்பு. பட்டை அந்த இடங்களில்தான் படிய வேண்டும் என்ற அடிப்படை அன்று முதல் இன்றுவரை மாறவில்லை. அதைச் சுற்றி வந்து சேர்ந்த பாகங்கள்தான் மாறியிருக்கின்றன.

கதவுக்குப் பின்னால் இருக்கும் தூணின் அடியில், பிளாஸ்டிக் மூடிக்குள், நாடா சுற்றியிருக்கும் உருளை இருக்கிறது. இதுதான் ரிட்ராக்டர். சாதாரணமாக நீங்கள் குனிந்தாலும் திரும்பினாலும் அது விட்டுக்கொடுக்கும். அதைப் பூட்டுவதற்கு உள்ளே இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் உண்டு. ஒன்று, சிறு கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும் உலோகக் குண்டு. கார் திடீரென வேகம் குறைந்தால் குண்டு கிண்ணத்தின் ஓரம் ஏறி, மேலே இருக்கும் நெம்புகோலைத் தூக்கும். அது உருளையின் பற்களில் மாட்டி உருளையை நிறுத்தும். மற்றொன்று, நாடா எவ்வளவு வேகமாக இழுக்கப்படுகிறது என்பதை உணரும் ஏற்பாடு. மெதுவாக இழுத்தால் வருவதும், வெடுக்கென்று இழுத்தால் பிடித்துக்கொள்வதும் இதனால்தான்.

உலக நாடுகள் பலவும் பின்பற்றும் ஐ.நா. 16-ஆம் விதிமுறைப்படி, கார் 0.45 ஜி (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) அளவுக்கு வேகம் குறைந்தால் ரிட்ராக்டர் பூட்ட வேண்டும். 12 டிகிரி வரை சாய்ந்தால் பூட்டக் கூடாது. 27 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் கட்டாயம் பூட்ட வேண்டும். மலைப்பாதைக் கொண்டையூசி வளைவிலோ, வீட்டு வாசலின் செங்குத்தான சரிவிலோ பெல்ட் இழுக்க வரவில்லை என்றால் அது பழுது அல்ல. குண்டு தன் வேலையைச் செய்கிறது. அதேபோல ரிட்ராக்டரைக் கழற்றிக் கையில் சாய்த்துப் பிடித்து இழுத்துவிட்டு "ஜாம் ஆகிவிட்டது" என்று தூக்கிப் போடுவதும் தவறு. காரில் இருக்கும் கோணத்தில் நிமிர்த்திப் பிடித்தால் நாடா வரும்.

மோதல் தொடங்கியதும், காரின் நடுவில் கியர் பகுதிக்கு அடியில் இருக்கும் ஏர்பேக் கணினியும் முன்பக்கம் இருக்கும் உணரிகளும் அதிர்ச்சியின் அளவைப் பார்க்கின்றன. 10 முதல் 20 மில்லி விநாடிக்குள் முடிவெடுத்தாக வேண்டும். மோதலில் பேட்டரி நசுங்கி மின்சாரம் போனாலும் வேலை நடக்க, கணினிக்குள்ளேயே கெப்பாசிட்டரில் மின்சாரம் சேமித்து வைக்கப்பட்டிருக்கும்.

முதலில் வெடிப்பது ப்ரீடென்ஷனர். ரிட்ராக்டரிலோ, பெல்ட்டை மாட்டும் பூட்டான பக்கிளின் அடியிலோ இருக்கும் சின்னக் குழாயில் மிகச் சிறிய அளவு எரிமருந்து. அது எரிந்து வரும் வாயு, பற்சக்கரத்தையோ கம்பியையோ தள்ளி, நாடாவைச் சில மில்லி விநாடிகளில் 10 செ.மீ. அளவுக்கு உள்ளே இழுக்கிறது. உங்கள் உடல் முன்னால் நகரத் தொடங்கும் முன்பே தொய்வு போய்விடுகிறது. ஏறக்குறைய அதே நேரத்தில் ஏர்பேக் விரியத் தொடங்கி 30 மில்லி விநாடி அளவில் நிறைந்துவிடும். ஒருமுறை கண் சிமிட்டும் நேரத்துக்குள் இதெல்லாம் முடிந்துவிடுகிறது.

அடுத்து வருவது லோடு லிமிட்டர். இதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை, ஆனால் விலா எலும்பைக் காப்பது இதுதான். பூட்டிய உருளையின் நடுவே ஓர் எஃகுத் தண்டு ஓடுகிறது. தோளுக்கான பட்டையில் இழுவிசை ஓர் அளவைத் தாண்டினால் அந்தத் தண்டு ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கிக்கொண்டு, நாடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். பல கார்களில் அந்த அளவு 4 கிலோ நியூட்டனை ஒட்டி, அதாவது 400 கிலோ எடை அளவில் வைக்கப்பட்டிருக்கும். அப்படி விட்டுக்கொடுக்கும் அந்தச் சில சென்டிமீட்டரில் உங்கள் தலையும் மார்பும் ஏர்பேக்கில் போய் மெதுவாக அமர்கின்றன. பெல்ட்டும் ஏர்பேக்கும் ஒன்றையொன்று நம்பி அமைக்கப்பட்டவை. பெல்ட் போடாதவர் ஏர்பேக் இன்னும் விரிந்துகொண்டிருக்கும்போதே அதன்மேல் போய் விழுவார். காப்பாற்ற வந்த பையே அவரை அடிக்கும்.

எப்படிப் போடுவது

பின்புறம் சீட்டின் மூலையை ஒட்டும்வரை நன்றாகப் பின்னால் தள்ளி உட்காருங்கள். முதுகுச் சாய்வை ஏறக்குறைய நிமிர்த்தி வையுங்கள். ஓட்டுபவரின் மார்புக்கும் ஸ்டீயரிங் நடுவுக்கும் குறைந்தது 25 செ.மீ. இடைவெளி வேண்டும்.

நாடாவை முறுக்கு இல்லாமல் மெதுவாக இழுத்துப் பக்கிளில் மாட்டுங்கள். முறுக்கிக்கொண்ட நாடா 46 மி.மீ. அகலத்தில் பரவ வேண்டிய விசையைக் கயிறு மாதிரி ஒரே கோட்டில் இறக்கும். மாட்டியபின் பெரும்பாலோர் விட்டுவிடும் ஒரு வேலை இருக்கிறது: இடுப்புப் பட்டையைக் கையால் கீழே தள்ளி, தொடையும் இடுப்பும் சேரும் இடத்தில் படியவைத்து, பிறகு தோளுக்கான பட்டையைப் பக்கிள் பக்கமிருந்து மேல்நோக்கி ஒருமுறை இழுத்துவிட வேண்டும். இடுப்பில் இருக்கும் தொய்வு அப்போது மேலே ஏறி ரிட்ராக்டருக்குள் போய்விடும். புடவை மடிப்பு, பெல்ட் பை, தொங்கும் வயிறு எல்லாவற்றுக்கும் அடியில் பட்டை போக வேண்டும். பக்கத்தில் இரண்டு இடுப்பெலும்பு முனைகளும் கைக்குத் தட்டுப்படும். பட்டை அவற்றுக்குக் கீழே இருந்தால் சரி.

பட்டை வயிற்றின்மேல் இருந்தால் நடப்பது இதுதான்: மோதலில் இடுப்பு அடியில் வழுக்கி முன்னால் போகிறது, பட்டை எலும்பை விட்டு மேலேறி மென்மையான வயிற்றில் பதிகிறது. குடல் கிழியும், மண்ணீரல் கிழியும், முதுகெலும்பின் கீழ்ப்பகுதி முறியும். நீண்ட பயணத்தில் முன்சீட்டைப் பின்னால் சாய்த்துப் படுத்துத் தூங்குபவர்களுக்கு இந்த ஆபத்து மிக அதிகம். அவர்கள் பெல்ட் போட்டிருந்தாலும் தோளுக்கான பட்டை மார்பை விட்டு விலகிக் காற்றில் தொங்குகிறது. தூக்கம் வந்தால் சாய்வைக் கொஞ்சம் மட்டும் குறையுங்கள். பட்டை மார்பைத் தொடுகிறதா என்பதே அளவுகோல். டேஷ்போர்டின்மேல் காலைத் தூக்கி வைப்பதும் அப்படித்தான். விரியும் ஏர்பேக் முழங்காலை முகத்தை நோக்கித் தள்ளும், இடுப்பு மூட்டு முறியும்.

தோளுக்கான பட்டை கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவே, காறை எலும்பின்மேல் போக வேண்டும். கழுத்தை உரசுகிறது என்று பட்டையைக் கைக்கு அடியில் விடுவது கூடாது. அப்படி விட்டால் விசை முழுவதும் கீழ் விலா எலும்புகளில் இறங்கும். அவற்றுக்குப் பின்னால் இருப்பவை ஈரலும் மண்ணீரலும். தூணில் உயரம் மாற்றும் பொத்தான் இருந்தால் அதை இறக்குங்கள். சீட் உயரம் மாறுமானால் அதை ஏற்றுங்கள். உரசாமல் இருக்க விற்கப்படும் கிளிப்புகள், பட்டையைத் தளர்த்திப் பிடிக்கும் ஊக்குகள் எல்லாம் நாம் மேலே பார்த்த சென்டிமீட்டர் கணக்கைக் கெடுப்பவை. சட்டைப் பையில் பேனாவோ போனோ இருந்தால் எடுத்து வையுங்கள்; 400 கிலோ விசை அந்தப் பேனாவின் வழியாகவும் நெஞ்சில் இறங்கும்.

கர்ப்பிணிகள் கட்டாயம் போட வேண்டும். இடுப்புப் பட்டை வயிற்றுக்குக் கீழே, தொடை மேலாக. தோளுக்கான பட்டை மார்பகங்களுக்கு நடுவே வந்து வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். வயிற்றின் குறுக்கே பட்டை எந்த நேரத்திலும் போகக் கூடாது.

பின்சீட்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கைப்படி, சீட் பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் 16,715 பேர். அவர்களில் 8,384 பேர் ஓட்டுநர்கள், 8,331 பேர் பயணிகள். அதே ஆண்டு செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே நடந்த விபத்தில் டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரியும் பின்சீட்டில் உடனிருந்தவரும் இறந்தார்கள். பின்சீட்டில் இருந்த இருவரும் பெல்ட் அணிந்திருக்கவில்லை. முன்சீட்டில் இருந்த இருவரும் காயங்களோடு பிழைத்தார்கள்.

பின்சீட்டில் பெல்ட் போடாதவர் தன் உயிரை மட்டும் பணயம் வைக்கவில்லை. அவர் உடல் டன் கணக்கான விசையோடு முன்சீட்டின் முதுகில் மோதும். ஒழுங்காகப் பெல்ட் போட்டு முன்னால் இருப்பவர் ஸ்டீயரிங்குக்கும் அவருக்கும் நடுவே நசுங்குவார். முன்சீட்டின் சாய்வு இதைத் தாங்க உருவாக்கப்பட்டதல்ல.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விலை குறைந்த கார்கள் பலவற்றில் ப்ரீடென்ஷனரும் லோடு லிமிட்டரும் முன்சீட்டுக்கு மட்டுமே. பின்னால் இருப்பது வெறும் பூட்டும் ரிட்ராக்டர். அங்கே தொய்வை எடுக்க வெடிமருந்து எதுவும் இல்லை, உங்கள் கைதான் எடுக்க வேண்டும். புதுக் கார் வாங்கியதும் போடும் தடித்த சீட் கவருக்கு அடியில் பின்சீட் பக்கிள்கள் புதைந்து போவது நம் ஊரில் அன்றாடம் நடக்கிறது. கவர் போடும் கடையிலேயே நின்று, ஒவ்வொரு பக்கிளும் மேலே தெரியும்படி வெட்டித் தைக்கச் சொல்லுங்கள். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கும் கார் என்றால் அந்த இடத்தை மூடும் கவரே வேண்டாம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி பெல்ட் போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பாதுகாப்பாகக் கட்டாமல் அழைத்துப் போனாலும் அதே தொகை. எச்சரிக்கை மணியை நிறுத்த, பக்கிளில் நுழையும் உலோக நாக்கு மட்டும் வைத்து விற்கப்பட்ட கிளிப்புகளைப் பட்டியலிலிருந்து நீக்கும்படி 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு உத்தரவிட்டது. காரில் ஒன்று கிடந்தால் எடுத்து உடைத்துப் போடுங்கள்.

குழந்தைகள்

10 கிலோ குழந்தையை மடியில் வைத்திருப்பவரின் கைகள் அந்த 50 கிலோமீட்டர் மோதலில் சராசரியாகவே 160 கிலோவைப் பிடித்து நிறுத்த வேண்டும். யாராலும் முடியாது. இருவருக்கும் சேர்த்து ஒரே பெல்ட் போட்டால் நிலைமை இன்னும் மோசம். பெரியவரின் உடல் குழந்தையைப் பட்டையோடு சேர்த்து நசுக்கும்.

கைக்குழந்தைக்குப் பின்னோக்கிய குழந்தை இருக்கை. அதைப் பின்சீட்டில் பொருத்துங்கள். ஏர்பேக் இயங்கும் முன்சீட்டில் பின்னோக்கிய இருக்கையை ஒருபோதும் வைக்காதீர்கள். பை விரியும்போது இருக்கையின் முதுகில், அதாவது குழந்தையின் தலைக்குப் பின்னால் நேராக அடிக்கும். குறைந்தது 15 மாதம் வரை, முடிந்தால் அதற்கு மேலும், பின்னோக்கியே இருக்கட்டும். அதன்பிறகு முன்னோக்கிய இருக்கை, பிறகு 15 முதல் 36 கிலோ வரை பூஸ்டர். பூஸ்டரின் வேலை எளிமையானது: குழந்தையை உயர்த்தி, பெரியவர்களுக்கான பட்டையை இடுப்பெலும்பிலும் தோளிலும் படியவைப்பது. உயரம் 150 செ.மீ.யை எட்டி, முதுகு சீட்டில் ஒட்டியிருக்கும்போதே முழங்கால் சீட் விளிம்பில் மடிகிறது என்றால் பூஸ்டரை எடுத்துவிடலாம்.

சோதிப்பது எப்படி

ஆண்டுக்கு ஒருமுறையும், பழைய கார் வாங்கும் முன்பும், ஒவ்வொரு பெல்ட்டையும் முழு நீளத்துக்கு வெளியே இழுங்கள். விளிம்பில் நூல் பிரிந்திருக்கிறதா, கதவில் சிக்கி நசுங்கிய தடம் இருக்கிறதா, பூனையோ எலியோ கடித்திருக்கிறதா என்று பாருங்கள். புது நாடா ஏறக்குறைய 1.5 டன் இழுவையைத் தாங்க வேண்டும் என்பது விதி. விளிம்பில் விழுந்த சின்ன வெட்டு அந்த வலுவைக் கணிசமாகக் குறைத்துவிடும், ஏனென்றால் கிழிசல் அங்கிருந்துதான் ஓடும்.

முழுதாக வெளியே வந்த நாடாவின் கடைசிப் பகுதி, எப்போதும் உருளைக்குள் இருக்கும் அந்தப் பகுதி, பல செய்திகளைச் சொல்லும். அங்கே மண்நிறக் கறையோ சேற்று வாடையோ இருந்தால் கார் வெள்ளத்தில் நின்றிருக்கிறது. சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீரில் மூழ்கிய கார்கள் ஏராளம். சீட்டையும் கார்ப்பெட்டையும் மாற்றுபவர்கள் பெல்ட்டின் உள்பகுதியைக் கவனிப்பதில்லை. நாடா நடுவில் அலையலையாகச் சுருங்கியிருந்தாலோ, தூணில் நாடா நுழைந்து வரும் தோள் வளையத்திலும் நாக்கிலும் பிளாஸ்டிக் உருகித் தேய்ந்த பளபளப்பு இருந்தாலோ, அந்தப் பெல்ட் ஏற்கெனவே ஒருவரை ஒரு மோதலில் தாங்கியிருக்கிறது என்று பொருள்.

அடுத்து, நாடாவை வெடுக்கென்று இழுங்கள், பிடிக்க வேண்டும். குண்டு வேலை செய்கிறதா என்று பார்க்க, ஆள் இல்லாத மைதானத்தில் 10 கிலோமீட்டர் வேகத்தில் சென்று அழுத்தி பிரேக் போட்டபடி பட்டையைப் பாருங்கள். பக்கிளில் மாட்டியபின் நாக்கைப் பலமாக இழுத்துப் பாருங்கள், பிறகு ஒரே விரலால் அழுத்தி விடுவிக்க முடிகிறதா என்று பாருங்கள். பக்கிளுக்குள் காசும் பிஸ்கட் தூளும் விழுந்து பாதி மட்டும் பூட்டுவது குழந்தைகள் இருக்கும் வீட்டுக் கார்களில் சகஜம்.

சாவியைத் திருப்பியதும் மீட்டரில் ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் பழுது. எரியவே இல்லை என்றால் அதைவிடச் சந்தேகம். யாரோ விளக்கைத் துண்டித்திருக்கலாம். வெடித்துப்போன ப்ரீடென்ஷனருக்குப் பதிலாக ஒரு ரெசிஸ்டரை (மின்தடைத் துண்டை) இணைத்து விளக்கை அணையவைக்கும் மோசடியும் நடக்கிறது. அதனால் கண்ணாலும் பாருங்கள்: பக்கிள் வகை ப்ரீடென்ஷனர் வெடித்திருந்தால் அந்தப் பக்கிள் மற்றப் பக்கத்துப் பக்கிளைவிடச் சில சென்டிமீட்டர் கீழே இறங்கியிருக்கும்.

நாடா மெதுவாகச் சுருளுவது பெரும்பாலும் அழுக்கால்தான். தோள் வளையத்தில் படிந்த வியர்வை, எண்ணெய்ப் பிசுக்கை ஈரத்துணியால் துடைத்தாலே பாதி சரியாகும். நாடாவை இளஞ்சூடான தண்ணீரில் மென்மையான சோப்பு கலந்து துடைத்து, வெளியே இழுத்த நிலையில் நிழலில் காயவிட்டு, பிறகே சுருளவிடுங்கள். பிளீச்சிங் பவுடரும் சாயமும் இழைகளை அரிக்கும். ரிட்ராக்டருக்குள் எண்ணெய் ஊற்றக் கூடாது. தூசி சேர்ந்து குண்டு ஒட்டிக்கொள்ளும்.

மோதிய பின்

ஏர்பேக் விரிந்ததும் காருக்குள் வெண்புகை மாதிரித் தூள் பறக்கும். தீ என்று பதற வேண்டாம். எஞ்சினை அணைத்து, பக்கிளை அழுத்தி வெளியே வாருங்கள். கார் கவிழ்ந்திருந்தால் ஒரு கையைக் கூரையில் ஊன்றிக்கொண்டு மறுகையால் பக்கிளை விடுவியுங்கள். இல்லையென்றால் கழுத்து கீழே வரும்படி விழுவீர்கள்.

வயிற்றின் குறுக்கே பட்டை பதிந்த சிராய்ப்போ கன்றிய தடமோ இருந்தால், வலி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போய் அந்தத் தடத்தை மருத்துவரிடம் காட்டுங்கள். குடலில் ஏற்பட்ட காயம் பல மணி நேரம் கழித்தே வெளியே தெரியக்கூடும்.

பெரிய மோதலைத் தாங்கிய பெல்ட்டை ரிட்ராக்டர், பக்கிள் உட்பட முழுத் தொகுதியாக மாற்ற வேண்டும். இழை ஒருமுறை நீண்டுவிட்டது, உள்ளே தண்டு முறுக்கிக்கொண்டுவிட்டது, ப்ரீடென்ஷனர் ஒரே ஒருமுறைக்கானது. பழைய சாமான் கடையில் வாங்கிய பெல்ட் எந்த மோதலிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது, அதைத் தவிருங்கள். மெக்கானிக் வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, கார் நிறுவனத்தின் கையேடு சொல்லும் நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். கெப்பாசிட்டரில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிய வேண்டும். ப்ரீடென்ஷனருக்குப் போகும் மஞ்சள் நிற கனெக்டரில் சாதாரண மல்டிமீட்டரை வைத்து ஓம் (மின்தடை) பார்க்கக் கூடாது, ப்ரீடென்ஷனர் கையிலேயே வெடிக்கக்கூடும். பிடிமான போல்ட்டுகள் பெரும்பாலும் 7/16 அங்குல யூஎன்எஃப் (அங்குல அளவிலான நெருக்கமான) மரையில் வரும் கடினப்படுத்திய எஃகு. தொலைந்துபோனால் கையில் கிடைத்த போல்ட்டைத் திணிக்காமல் அதே பாகத்தை வாங்கி, கையேட்டில் உள்ள டார்க் (முறுக்குவிசை) அளவில் இறுக்கச் சொல்லுங்கள். இறுக்கிய பிறகும் தோள் வளையம் தாராளமாகத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் வாஷர் இடம் மாறியிருக்கிறது. கழற்றி மறுபடி பொருத்த வேண்டும்.